அப்பா பெயரில் ஒரு ஜப்பான் வாழ்க்கை

ஜப்பானில் வேலைக்குச் சேரும் தமிழரை, முதல் நாளிலிருந்தே அலுவலகம் அவருடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் நாம் எழுதிக் கொடுத்தது அப்பா பெயரை. இங்கேயோ குடும்பப் பெயரால் அழைப்பதுதான் மரியாதை. ஆகவே சென்னையில் விமானம் ஏறிய முருகேசன் மகன் செந்தில்குமார், நரிதாவில் இறங்கியதும் ‘முருகேசன் சான்’ ஆகிவிடுவார். பெயர் ‘சன்’ என்றே முடிவதால், ‘சான்’ என்கிற மரியாதைச் சொல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது போலும் என்று எண்ணி ‘முருகே சான்’ என்று நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. ‘முருகேசன் சான், அந்த ரிப்போர்ட் என்னாயிற்று?’ என்று மேனேஜர் கேட்கும்போதெல்லாம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் புரை ஏறுமோ என்னவோ.

அப்பா பெயர் கொடுத்தவர்களாவது தப்பித்தார்கள். குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்டோடு வருபவர்கள் பாடுதான் திண்டாட்டம். இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் எந்த இணையப் படிவமும் நகராது. அடுத்தது எழுத்துச் சிக்கல். வெளிநாட்டவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய ரெசிடென்ஸ் கார்டில், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல ரோமன் எழுத்தில்தான் பெயர் இருக்கும். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் செல்போன் கம்பெனிக்கும் அது கதகானா எழுத்தில் வேண்டும். சென்டிரு, சென்சிரு, சென்ஷிரு என்று ஒவ்வொரு கவுன்டரிலும் ஒவ்வொரு செந்தில் பிறப்பார். கணக்கில் இருக்கும் பெயரும் பணம் அனுப்புகிறவர் எழுதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும்.

ஜப்பானைப் பற்றி நம் ஊரில் வரும் வீடியோக்களுக்கு மூன்று சொற்கள் போதும்: சுத்தம், ஒழுக்கம், நேரம். ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்காக 2017-ல் ஒரு ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்ட கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அது பொய்யில்லை. ஆனால் பத்து நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர் காணும் ஜப்பான் வேறு, வாடகை கட்டிக் குடியிருப்பவர் காணும் ஜப்பான் வேறு. இரண்டாவது ஜப்பான் படிவங்களால் ஆனது. படிவத்தில் உங்களுக்கு ஒரு கட்டம் இருந்தால் இதைவிடச் சுலபமாக வாழக்கூடிய நாடு கிடைப்பது அரிது. கட்டம் இல்லையென்றால் கவுன்டரில் இருப்பவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பார். வேலை மட்டும் நடக்காது. வெறுப்பு என்று இதைச் சொல்ல மாட்டேன். நாம் வருவதற்கு முன்பே படிவத்தை அச்சடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது வந்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இல்லை. 2024 இறுதியில் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 37.7 லட்சம், மக்கள் தொகையில் சுமார் 3 சதவீதம். இந்தியர்கள் அதில் அரை லட்சத்துக்குச் சற்று மேல். அதே 2024-ல் இங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6.86 லட்சம்தான். ஒரே ஆண்டில் ஜப்பானியர் தொகை 9 லட்சத்துக்கு மேல் குறைந்தது. ஆள் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வந்த ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

விளக்கில்லாத வீடு

வாடகை வீடு தேடும்போது இது பளிச்சென்று தெரியும். புரோக்கர் அலுவலகத்தில் நம்மை உட்கார வைத்து, பார்லி டீ கொடுத்து, நமக்கு முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார்கள். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம், ஜப்பானிய மொழி ஓரளவு பேசுவார் என்று புரோக்கர் நமக்காக வக்காலத்து வாங்குவார். நடுவே குரல் இறங்கும். ‘ஆமாம், இந்தியர்.’ பிறகு எதிர்முனை பேசுவதற்கெல்லாம் ‘ஹாய், ஹாய்’ (சரி, சரி) என்று போனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ரிசீவரை வைத்து, நம் பக்கம் திரும்பி, வருத்தம் நிறைந்த முகத்தோடு அடுத்த வீட்டின் பிளானை எடுத்து விரிப்பார். என்ன பதில் வந்தது என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். 2017-ல் சட்ட அமைச்சகம் வெளியிட்ட கணக்கெடுப்பில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்தால் வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

கிடைத்த வீட்டுக்கும் கணக்கு நீளமானது. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், ஜாமீன் கம்பெனிக்குக் கட்டணம், இவற்றோடு ‘ரெய்கின்’ என்று வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ நன்றிக் காணிக்கை. திரும்பி வராத பணம். வீடு கொடுத்ததற்கு நன்றி என்று அர்த்தமாம். இரண்டு ஆண்டு கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் பல இடங்களில் ஒரு மாத வாடகை.

இதிலிருந்து தப்பிய இந்தியர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எதோகாவா வார்டில் இருக்கும் நிஷிகசாய். அரசு சார்ந்த யு.ஆர். நிறுவனத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் அங்கே நிறைய. ரெய்கின் கிடையாது, ஜாமீன் கிடையாது, கமிஷன் கிடையாது. வருமானம் இருந்தால் போதும், எந்த நாட்டுக்காரர் என்பது பொருட்டில்லை. 2000-ம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய இந்திய சாஃப்ட்வேர் ஆட்கள் வரத் தொடங்கியபோது, டோசாய் ரயிலில் ஏறினால் வங்கித் தலைமையகங்கள் நிற்கும் ஓதெமாச்சி சிறிது தூரம்தான் என்பதும் சேர்ந்துகொண்டது. 1970களின் இறுதியிலேயே அங்கே குடியேறியிருந்த தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திரானி, வீடு பிடித்துக் கொடுப்பதில் தொடங்கி, சைவச் சாப்பாட்டுக்கு வழிசெய்வது வரை அந்த இளைஞர்களுக்குத் துணை நின்றார். இன்று நிஷிகசாய் ஸ்டேஷன் வாசலில் தமிழ் கேட்கும், தெலுங்கு கேட்கும். கடையில் இட்லி அரிசி கிடைக்கும்.

ஒரு விஷயத்தை அங்கே யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. எதோகாவா வார்டின் பெரும்பகுதி, கடல் பொங்கும் நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-ல் வார்டு நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், தங்கள் வார்டின் மேலேயே ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று அச்சடித்தார்கள். பெருவெள்ளம் வருமென்றால் முன்கூட்டியே வார்டை விட்டு வெளியேறுங்கள் என்று பொருள். இப்படி முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் நிர்வாகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீடு தர யோசித்த ஊரில், வீடு சுலபமாகக் கிடைத்த இடம் அதுதான் என்பது வேறு கதை.

சாவி வாங்கி உள்ளே போனால் வீடு மொட்டையாக இருக்கும். அடுப்பு இல்லை, திரை இல்லை, பல வீடுகளில் கூரையில் விளக்குகூட இருக்காது. மாட்டுவதற்குக் கொக்கி மட்டும் தொங்கும். முதல் ராத்திரியைப் பாத்ரூம் வெளிச்சத்தில் கழிக்காத வெளிநாட்டவர் குறைவு.

நூறு வோல்ட்டில் சட்னி

அடுத்த அதிர்ச்சி மிக்ஸிக்கு. ஜப்பான் வீடுகளில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸியைச் செருகினால் முனகுமே தவிர அரைக்காது. அதற்காகத் தூக்க முடியாத கனத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிச் சமையலறை மூலையில் வைக்க வேண்டும். இன்னொரு கூத்தும் உண்டு. டோக்கியோ பக்கம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதில் வந்த வினை. 2011 பூகம்பத்துக்குப் பின் கிழக்கே மின்வெட்டு வந்தபோது, மேற்கிலிருந்து போதுமான மின்சாரம் அனுப்ப முடியாமல் போனதற்கு இதுவும் காரணம். குப்பைப் பை எந்தக் கிழமை வெளியே வர வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நாடு, இந்த விஷயத்தை மட்டும் நூறாண்டுக்கு மேல் அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. மீன் துண்டு கண்ணில் படாததால் மட்டும் ஒரு பண்டம் சைவமாகிவிடாது. ‘தாஷி’ என்கிற சாறு இந்த ஊர்ச் சமையலின் அடித்தளம். பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய், முட்டை ரோல் எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். ‘மீன் இல்லைதானே?’ என்று கேட்டால் கடைக்காரர் மனசாட்சிப்படியே ‘இல்லை’ என்பார். அவர் கணக்கில் சாறு மீன் ஆகாது. ‘இந்தியன் ரெஸ்டாரன்ட்’ போர்டைப் பார்த்து உள்ளே போனாலும் பெரும்பாலான இடங்களில் நடத்துபவர்கள் நேபாளிகள். தட்டைத் தாண்டித் தொங்கும் நான் ரொட்டியும் இனிப்பான பட்டர் சிக்கனும் வரும். இந்தியர்கள் தினமும் நான்தான் சாப்பிடுகிறோம் என்று ஜப்பானியர் நம்புவதில் ஆச்சரியமில்லை. தென்னிந்தியச் சாப்பாட்டின் மேல் பித்துப் பிடித்து, ரசமும் சாம்பாரும் வீட்டிலேயே வைக்கும் ஜப்பானியர் கூட்டமும் ஒன்று இருக்கிறது. அவர்கள் வைக்கும் ரசம் என் ரசத்தைவிட மேல்.

குப்பையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் கிழமை உண்டு. பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே கழுவிப் போட வேண்டும். பழைய மெத்தையைத் தூக்கிப் போடுவதற்குப் போனில் பதிவு செய்து, ‘கொன்பினி’ என்னும் எந்நேரமும் திறந்திருக்கும் கடையில் காசு கொடுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். பிசகினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். உங்கள் பை மட்டும், காரணம் அச்சிட்ட ஸ்டிக்கரோடு, அக்கம்பக்கம் எல்லோரும் பார்க்க அங்கேயே நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும். திட்டு வாங்கியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

மைசூர்பாவும் மீட்டிங்கும்

அலுவலகத்தில் நம்மவர்கள் தடுமாறுவது மொழியில் என்று நினைக்கிறோம். அதைவிட, எப்போது சொல்வது என்பதில். வேலையை முடித்துவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்வது நம் பழக்கம். இங்கே பாதியில் சொல்ல வேண்டும், கால்வாசியில் சொல்ல வேண்டும், தாமதமாகும்போல் தோன்றினால் தோன்றிய அன்றே சொல்ல வேண்டும். கடைசி நாளில் அசத்தலாக முடித்துக் கொடுப்பவரைவிட, ஒரு வாரம் முன்பே ‘சிக்கல்’ என்று சொன்னவரை நம்புவார்கள். மீட்டிங்கில் புதிய யோசனை சொல்லிக் கைதட்டல் வாங்கலாம் என்று போகிறவர் ஏமாந்து திரும்புவார். முடிவு ஏற்கெனவே ஒவ்வொருவர் மேஜையிலும் தனித்தனியாகப் பேசி முடிக்கப்பட்டிருக்கும். ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் கதை முடிந்தது. நம் அரசு அலுவலகங்களுக்கு நடந்து பழகியவர்களுக்கு இது மட்டும் உடனே புரியும்.

இரவு வரை வேலை பார்க்கும் வழக்கம் குறைந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களுக்கும் அடுத்த ஆண்டு சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் ஓவர்டைமுக்கு வரம்பு வந்தது: பொதுவாக மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. அதே சட்டம், ஆண்டுக்கு 10 நாளோ அதற்கு மேலோ சம்பள விடுப்பு உள்ள ஊழியர் குறைந்தது 5 நாளாவது அதை எடுக்கும்படி நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. விடுப்பு எடுக்க வைப்பதற்கே சட்டம் போட வேண்டியிருந்த ஊர்!

அந்த விடுப்பில் ஊருக்குப் போய் வந்தால் ஆபீஸ் முழுவதற்கும் ஏதாவது வாங்கி வர வேண்டும். நான் இல்லாதபோது என் வேலையை நீங்கள் சுமந்தீர்கள் என்பதற்கான ஈடு அது. நெய் வடியும் மைசூர்பாவைப் பெட்டியோடு திறந்து வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். ஒரு துண்டை ஒரு தாளில் என்று தனித்தனியாகச் சுற்றி, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மேஜை மேஜையாக வைத்தால் மத்தியானத்துக்குள் காலி. அவர்கள் நாக்குக்கு அது தாங்க முடியாத இனிப்பு. ஆனாலும் எல்லோரும் எழுந்து வந்து நன்றி சொல்வார்கள்.

இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம் வரும் சம்பளச் சீட்டைப் பற்றி வருவதற்கு முன் யாரும் சொல்வதில்லை. உள்ளூர்க் குடியிருப்பு வரி, போன ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதம். வந்த புதிதில் போன ஆண்டு என்று ஒன்று இல்லாததால் பிடித்தம் இருக்காது. கை நிறையச் சம்பளம் என்று ஊருக்குச் சொல்லிவிடுவோம். அடுத்த ஜூனில் இருந்து பிடிப்பார்கள். பென்ஷனுக்கு 18.3 சதவீதம், பாதி நம் தலையில். போதாக்குறைக்கு யென். 2020-ல் ஒரு லட்சம் யென் அனுப்பினால் வீட்டில் ஏறத்தாழ 70,000 ரூபாய் கிடைத்தது. 2024 ஜூலையில் 52,000 ரூபாய்தான். வேலையில் ஒரு குறையும் இல்லாமல் சம்பளத்தில் கால் பங்கு காற்றில் போனது. அமெரிக்காவுக்குப் போன நண்பனோடு சம்பளத்தை ஒப்பிடுவதை இங்கே பலர் நிறுத்திவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் குறை. ராத்திரி இரண்டு மணிக்குக் கொன்பினியில் பில் போடும் நேபாளி, வியட்நாமிய மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி இல்லை; படிப்புக் கட்டணமும் வாடகையும் அதற்குள் அடங்க வேண்டும். 1993-ல் தொடங்கிய ‘தொழில்நுட்பப் பயிற்சி’ திட்டத்தில் வந்தவர்களுக்கு இன்னும் மோசம். தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பத்தான் வருகிறார்கள் என்று ஏட்டில் இருக்கும். வயலிலும் மீன் ஆலையிலும் கட்டடத்திலும் கூலியாட்களாக உழைப்பார்கள். முதலாளி எவ்வளவு கெட்டவராக இருந்தாலும் விருப்பப்படி வேறு இடம் மாற முடியாது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் காணாமல் போகிறார்கள். 2024 ஜூனில் இந்தத் திட்டத்தை ஒழித்து வேறொன்று கொண்டுவரச் சட்டம் இயற்றினார்கள். 2027 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் அந்தத் திட்டத்தில், ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். கூலியாளைக் கூலியாள் என்று ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டு பிடித்திருக்கிறது.

படிவத்தில் கட்டம் இல்லாமல் போவது பிள்ளைகள் விஷயத்தில்தான் ஆபத்து. ஜப்பானில் கட்டாயக் கல்வி என்பது ஜப்பானியப் பெற்றோருக்கு மட்டும் கடமை. வெளிநாட்டுக் குழந்தை சேர விரும்பினால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். சேராவிட்டால் தேடி வரும் பொறுப்பு சட்டப்படி யாருக்கும் இல்லை. 2019-ல் கல்வி அமைச்சகம் முதன்முறையாகக் கணக்கெடுத்தபோது, பள்ளியில் இல்லையோ என்று அஞ்சத்தக்க குழந்தைகள் சுமார் 20,000 பேர். நிஷிகசாய்ப் பக்கத்து இந்தியக் குடும்பங்கள் இந்தக் கணக்கில் வருவது அரிது. அவர்களுக்கு 2004-லும் 2006-லும் தொடங்கிய இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்பதை, பிள்ளையை எந்தப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே சொல்லிவிடலாம்.

வெளிநாட்டவருக்கு ஓட்டு எந்தத் தேர்தலிலும் கிடையாது; உள்ளாட்சியிலும் கிடையாது, நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்கும் கிடையாது. ஜப்பான் குடிமகனாகிவிட்ட இந்தியர் யோகேந்திர புராணிக் 2019-ல் எதோகாவா வார்டு மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது நடந்தது. 2025 ஜூலையில் ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்ற கோஷத்தோடு நின்ற சன்சேதோ கட்சி மேலவைத் தேர்தலில் 14 இடங்களைப் பிடித்ததும் நடந்தது. அதற்கு அடுத்த மாதமே டோக்கியோவில் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பெற்ற ஆட்களை ஜப்பானுக்கு வரவைப்பதாக அறிவித்தார்கள். ரயிலில் என்னை யாரும் முறைக்கவில்லை. பக்கத்து இருக்கை மட்டும் கொஞ்சம் தாமதமாக நிரம்பும். அது முன்பும் அப்படித்தான்.

நிலைத்துவிடுவது என்று முடிவு செய்பவர்களுக்கு வழி இருக்கிறது. சாதாரணமாகப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டிய பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமைக்கு, படிப்பு, வயது, சம்பளம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு 80 வந்தால் ஓர் ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். 70 வந்தால் மூன்று ஆண்டு. ஐ.டி.க்காரர்கள் பலர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே வருகிறார்கள். முட்டுவது பெற்றோர் விஷயத்தில். வயதான அம்மா அப்பாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள ஜப்பானில் பொதுவான விசா கிடையாது. சுற்றிப் பார்க்கும் விசாவில் 90 நாள் இருக்கலாம். முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: மதிப்பெண் அடிப்படையில் உயர்திறன் விசா பெற்றவர், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 80 லட்சம் யென்னுக்குக் குறையாமல் இருந்து, வீட்டில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம். அதுவும் கணவர் பக்கமா, மனைவி பக்கமா, ஏதாவது ஒரு பக்கம்தான். பேரனைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக அம்மா வரலாம். அம்மாவாக வர முடியாது.

உயர்திறன் விசாவை விட்டு பி.ஆர். வாங்கினால் இந்தச் சலுகையும் போய்விடும். அதனால் 80 மதிப்பெண் கையில் இருந்தும் பி.ஆருக்கு விண்ணப்பிக்காமல் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது நெருங்க நெருங்க, எந்தப் பக்கத்துப் பெற்றோர், எத்தனை நாள், அதற்குப் பிறகு என்ன என்பதுதான் அந்த வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுப் பேச்சு.